பஸ்ராவுக்குப் போன தம்பிகள்

(மைசூரு ஹெப்பாளில் தமிழ் அன்பர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஷிப்ட் முடிந்து நேராக இங்கே வந்திருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் நேரத்தின் அருமை எனக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

மேற்காசியாவில் குண்டு விழுந்த செய்தி வரும்போதெல்லாம் நம்மிடையே ஒரு பேச்சு எழுகிறது. டீக்கடையிலும் கம்பெனி பஸ்ஸிலும் கேட்டிருக்கிறேன். "அவங்களுக்கு அடிச்சுக்கறதே வேலை, காலங்காலமா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். படித்தவர்களும் சொல்கிறார்கள், நல்லவர்களும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு தவறு என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். அந்தச் சண்டைக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்பது போல அது நம்மை வெளியே நிறுத்திவிடுகிறது. உண்மையில் நாம் வெளியே இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த மண்ணுக்குப் போன அந்நியப் படையில் பெரும்பகுதி நம் ஆட்கள். மைசூர்க் குதிரைகள் போயின. வேலூர், ஆர்க்காட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் போனார்கள்.

பெங்களூரு ஜெயச்சாமராஜேந்திர நகரில் ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. மைசூர் லான்சர்ஸ் என்ற குதிரைப்படையில் முதல் உலகப் போரில் உயிர் விட்டவர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்து, முஸ்லிம் பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. பக்கத்திலேயே குடியிருப்பவர்களுக்குக்கூட அது என்ன கல் என்று தெரிவதில்லை. டெல்லியில் தீன்மூர்த்தி என்று சொல்கிறோமே, அங்கே நிற்கும் மூன்று வீரர் சிலைகளில் ஒன்று மைசூருக்கு உரியது. மற்ற இரண்டும் ஹைதராபாத்துக்கும் ஜோத்பூருக்கும் உரியவை.

1914இல் போர் மூண்டபோது மைசூரை ஆண்டவர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார். இங்கிருந்து கே.ஆர்.எஸ். சாலையில் போனால் வருகிற கண்ணம்பாடி அணை அப்போது எழும்பிக்கொண்டிருந்தது. அந்த நேரத்திலும் போர் நிதிக்கு 50 லட்சம் ரூபாய் தந்தார் மகாராஜா. பணத்தோடு படையும் போயிற்று. மைசூர் லான்சர்ஸ் எகிப்துக்குக் கப்பலேறியது. முதலில் சூயஸ் கால்வாய்க் காவல், பிறகு சினாய்ப் பாலைவனம், பிறகு காஸா, பாலஸ்தீனம். காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் தேடி நடந்தார்கள்.

1918 செப்டம்பர் 23. ஹைஃபா நகரத்தைப் பிடிக்க உத்தரவு. ஒரு பக்கம் கார்மல் மலை, இன்னொரு பக்கம் கிஷோன் ஆறு. ஆற்றின் கரை உளையாக இருந்ததால் குதிரை இறங்கினால் புதையும். மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே குறுகலான ஒரு வழிதான். அதைப் பார்த்தாற்போல மலைமேல் பீரங்கிகளும் கீழே இயந்திரத் துப்பாக்கிகளும் இருந்தன. துருக்கியரும் ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் அவற்றை இயக்கினார்கள். நம்மவர்கள் கையில் ஈட்டி. மைசூர்ப் பிரிவு ஒன்றை மலையேறிப் பீரங்கிகளை அடக்கச் சொன்னார்கள். செங்குத்தான ஆட்டுப்பாதையில் குதிரைகள் நொண்டிப் பின்தங்கின. கடைசியில் பீரங்கிமேல் பாய்ந்தவர்கள் வெகு சிலரே. கீழே ஜோத்பூர் வீரர்கள் நேராக ஊருக்குள் புகுந்தார்கள். அவர்களுடைய மேஜர் தல்பத் சிங் அன்று மாண்டார். மாலைக்குள் ஊர் விழுந்தது. 1,350 பேர் கைதிகள். நம் பக்கத்தில் 8 பேர் இறந்தார்கள், 34 பேர் காயம். 60 குதிரைகள் செத்தன.

அந்த வீரத்தை நான் மதிக்கிறேன். ஈட்டியோடு இயந்திரத் துப்பாக்கியை நோக்கிக் குதிரை விட்டவனை மதிக்காமல் எப்படி இருக்க முடியும்? ஒவ்வோர் ஆண்டும் ராணுவம் செப்டம்பர் 23ஐ ஹைஃபா நாளாகக் கொண்டாடுகிறது. 2018இல் தீன்மூர்த்திச் சதுக்கத்தின் பெயரோடு ஹைஃபாவையும் சேர்த்தார்கள். அந்தக் கொண்டாட்டங்களில் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்த ஊரை யாருக்காகப் பிடித்தோம்?

விடை 1916 மே மாதமே எழுதப்பட்டிருந்தது. மார்க் சைக்ஸ் என்ற ஆங்கிலேயரும் ஃபிரான்சுவா ஜார்ஜ் பிக்கோ என்ற பிரெஞ்சுக்காரரும் பேசி முடித்த ரகசிய ஒப்பந்தம் அது. அரபு நிலத்தை இரண்டு அரசுகளும் அதில் பங்கிட்டுக்கொண்டன. ஹைஃபா துறைமுகமும் பக்கத்து ஆக்கர் துறைமுகமும் பிரிட்டனுக்கு என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். நம் குதிரைகள் கார்மல் மலை ஏறியது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. உயில் எழுதியாகிவிட்டது, வீட்டைக் கைப்பற்ற ஆள் அனுப்பியது பிறகுதான். 1930களின் நடுவில் ஈராக்கின் கிர்கூக் எண்ணெய் குழாய் வழியே ஹைஃபாவுக்கு வந்து சேர்ந்தபோது, அந்தத் துறைமுகம் எதற்காக வேண்டியிருந்தது என்பது எல்லோருக்கும் புரிந்தது.

இதே நிலத்தை இன்னும் இருவருக்கும் வாக்களித்திருந்தார்கள். துருக்கிக்கு எதிராகக் கிளம்பினால் அரபு நாடு உங்களுக்கு என்று 1915லும் 1916லும் மக்காவின் ஷரீஃப் ஹுசைனுக்குக் கடிதம் எழுதினார் எகிப்திலிருந்த பிரிட்டிஷ் ஹைகமிஷனர் மக்மஹோன். பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்குத் தேசிய இல்லம் அமைய ஆதரவு என்று 1917 நவம்பர் 2ஆம் தேதி அறிவித்தார் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர். அந்த மண்ணில் உழுதுகொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் ஒரே மனையை மூன்று பேருக்குக் கிரயம் எழுதினால் எத்தனை தலைமுறை கோர்ட்டுக்கு அலைவோம் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு நாட்டையே அப்படி எழுதினார்கள். நூறு ஆண்டு கழிந்தும் வழக்கு முடியவில்லை. இப்போது சொல்லுங்கள், "காலங்காலமா அடிச்சுக்கறாங்க" என்பது சரியா?

மைசூர்க் கதையோடு நிறுத்தினால் தமிழர்கள் தப்பித்துக்கொள்வோம். மதராஸ் சாப்பர்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். பாலம் கட்டுவது, பாதை போடுவது, ஆற்றைக் கடக்கப் படகு ஓட்டுவது இவையெல்லாம் அந்தப் படையின் வேலை. தலைமையகம் இன்றும் பெங்களூருவில் அல்சூர் ஏரியோரம் இருக்கிறது. அந்தப் படை வீரனுக்கு ராணுவம் முழுவதும் வழங்குகிற செல்லப்பெயர் "தம்பி". வட இந்திய அதிகாரியும் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். நம் வீட்டுச் சொல் ஒரு படையின் பெயராகவே ஆகிவிட்டது.

தம்பிகள் மெசபடோமியாவுக்குப் போனார்கள். அன்று அந்தப் பெயரில் வழங்கிய நாடுதான் இன்றைய ஈராக். போர் முடிவதற்குள் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் சிப்பாய்களும் கூலிகளும் சமையல்காரர்களும் கோவேறு கழுதை ஓட்டிகளும் இருந்தார்கள். 1914 நவம்பரில் பஸ்ரா பிடிபட்டது. அங்கே நின்றிருக்கலாம். பாக்தாத் ஆசை விடவில்லை. தளபதி டவுன்ஷெண்ட் ஆற்றோடு மேலே மேலே போய், தோற்றுத் திரும்பி, கூட் என்ற சிற்றூரில் 1915 டிசம்பரில் முற்றுகைக்குள் சிக்கினார். 147 நாள். தானியம் தீர்ந்ததும் வண்டிக் குதிரைகளையும் சவாரிக் குதிரைகளையும் வெட்டத் தொடங்கினார்கள். இந்தியச் சிப்பாய்கள் பலர் அந்த இறைச்சியைத் தொடவில்லை. "ஆபத்துக் காலத்தில் தின்னலாம்" என்று இந்தியாவிலிருந்து சமயப் பெரியவர்களின் அனுமதியைத் தந்தியில் வாங்கிக் காட்டியும் தயங்கினார்கள். ஊருக்குத் திரும்பினால் பெண் கொடுக்க மாட்டார்கள், சாதியில் சேர்க்க மாட்டார்கள் என்ற பயம். பட்டினியிலும் ஊரை நினைத்துக்கொண்டே கிடந்தார்கள். 1916 ஏப்ரல் 29இல் சரணடைந்த சுமார் 13,000 பேரில் பெரும்பாலோர் இந்தியர். கைதிகளாகப் பாலைவனத்தில் நடந்தே இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

அடுத்த ஆண்டு, 1917 பிப்ரவரி 23. கூட் ஊருக்கு மேலே ஷும்ரான் என்ற வளைவில் டைகிரிஸ் ஆற்றைக் கடந்தார்கள். வெள்ளம் புரளும் ஆறு, எதிர்க்கரையில் இயந்திரத் துப்பாக்கி, நடுவில் துடுப்புப் படகு. அந்தக் கடப்பில் மதராஸ் சாப்பர் கம்பெனிகளும் இருந்தன. பாலாற்றங்கரையில் பிறந்தவன் டைகிரிஸில் துடுப்புப் போட்டான். மார்ச் 11இல் பாக்தாத் விழுந்தது. தளபதி மாட் ஊர் மக்களுக்கு ஓர் அறிக்கை விட்டார். வெல்வதற்காக வரவில்லை, உங்களை விடுவிக்கவே வந்தோம் என்பது அதன் சாரம். அதை எழுதிக் கொடுத்தவர் அதே மார்க் சைக்ஸ், முந்திய ஆண்டு அந்த நிலத்தைப் பங்கு போட்டவர்.

பாக்தாத்காரர்கள் அந்த வார்த்தையை நம்பிப் பார்த்தார்கள். மூன்று ஆண்டு காத்திருந்தார்கள். 1920 ஏப்ரலில் சான் ரெமோவில் கூடிய நேச நாடுகள் ஈராக்கையும் பாலஸ்தீனத்தையும் பிரிட்டனிடமும், சிரியாவையும் லெபனானையும் பிரான்சிடமும் ஒப்படைத்தபோது ஈராக் முழுவதும் கொந்தளித்தது. ஷியாக்களும் சன்னிகளும் ஒரே பள்ளிவாசலில் சேர்ந்து தொழுது கிளம்பினார்கள். இவர்கள் என்றுமே ஒன்றுபட மாட்டார்கள் என்று பேசுகிறவர்கள் 1920ஆம் ஆண்டைப் படிக்க வேண்டும். அந்தக் கிளர்ச்சியை அடக்கியது விமானக் குண்டுகளும், பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்களும். அதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. அதற்கு முந்திய ஆண்டுதான் ஜாலியன்வாலாபாக். சொந்த ஊரில் சுடப்பட்டவனின் உறவுக்காரன், இன்னோர் ஊரில் அதே குற்றத்துக்காக இன்னொருவனைச் சுட அனுப்பப்பட்டான்.

முஸ்லிம் சிப்பாயின் நிலையை நினைத்துப் பாருங்கள். எதிரே நிற்பது கலீஃபாவின் படை. அவர் பெயரைச் சொல்லி ஜும்ஆவில் துஆ கேட்டு வளர்ந்தவன் அவர் படைமேல் துப்பாக்கியைத் திருப்ப வேண்டும். 1915 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரில் ஐந்தாம் லைட் இன்ஃபன்ட்ரி கலகம் செய்ததற்குப் பல காரணங்களில் இதுவும் ஒன்று. ஹாங்காங்குக்கு அனுப்பவிருந்தார்கள். துருக்கியரோடு சண்டையிடத்தான் அனுப்புகிறார்கள் என்ற வதந்தி படைக்குள் பரவியது. 47 பேரைச் சிறைச்சுவர் ஓரம் நிறுத்தி, ஊர் பார்க்கச் சுட்டுக் கொன்றார்கள்.  ஜெயச்சாமராஜேந்திர நகர்க் கல்லில் இருக்கும் முஸ்லிம் பெயர்களைப் படிக்கும்போது அந்த இளைஞர்கள் மனத்துக்குள் எதை விழுங்கிக்கொண்டு குதிரை ஏறினார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இவ்வளவும் சொன்னதால், எல்லாத் தவறும் வெளியாருடையது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். துருக்கி அரசு 1915இல் ஆர்மீனியர்களை லட்சக்கணக்கில் கொன்றது. 1916 மே 6இல் டமாஸ்கஸிலும் பெய்ரூட்டிலும் அரபு அறிஞர்களைத் தூக்கில் போட்டது அதே அரசுதான். 1988இல் ஹலப்ஜாவில் சொந்தக் குடிமக்கள்மேல் விஷவாயு வீசியவர் சதாம் ஹுசைன். உள்ளூர்க் கொடுங்கோலனுக்கு நான் சாக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் கொடுங்கோலனை விரட்ட வருகிறேன் என்று வந்த அந்நியப் படை ஒவ்வொரு முறையும் எதை விட்டுவிட்டுப் போயிற்று என்று பார்க்க வேண்டும்.

மைசூர்க்காரர்களுக்கு இது பழகிய கதை. 1786இல் திப்பு சுல்தான் கான்ஸ்டாண்டிநோபிளுக்குத் தூதுக்குழு அனுப்பினார். மஸ்கட், பஸ்ரா, பாக்தாத் வழியாகப் போன அந்தக் குழுவில் பெரும்பகுதியினர் நோயிலும் கடலிலும் மாண்டார்கள். 1798இல் நெப்போலியன் எகிப்தில் இறங்கியதும், மைசூருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் உறவு என்பதைக் காரணம் காட்டிப் படை திரட்டினார் ஆங்கிலேயக் கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி. எகிப்தில் விழுந்த நிழல் காவிரிக்கரை வரை நீண்டது. 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. அன்று இரவு முழுவதும் கொள்ளை. அரண்மனை நூலகத்தில் இருந்த சுமார் 2,000 அரபு, பாரசீகச் சுவடிகள் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் போயின. வெள்ளைக்காரனைக் கடிக்கும் திப்புவின் மரப்புலி இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திப்புவைப் பற்றி இந்த ஊரில் பல கருத்துகள் உண்டு. அந்த வாதத்துக்கு இன்று நான் போகவில்லை. நூலகம் போனது எல்லோருக்கும் நஷ்டம்.

204 ஆண்டு கழித்து, 2003 ஏப்ரலில், பாக்தாத் தேசிய அருங்காட்சியகத்தைக் கொள்ளையிட்டார்கள். சுமார் 15,000 பொருள்கள் போயின. எழுத்து என்பதே பிறந்த நிலத்தின் பழம்பொருள்கள் அவை. சில நாளில் தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் எரிந்தன. எண்ணெய் அமைச்சகத்தைச் சுற்றிக் காவல் நிறுத்திய அமெரிக்கப் படை, அருங்காட்சியகத்துக்குக் காவல் போடத் தாமதித்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அரை மணி தூரத்தில் வாழும் நமக்கு அந்த வலி புரிய வேண்டும்.

அந்த நாடுகளோடு நமக்கு என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு நான் கோர்ட்டையும் தாலுகா ஆபீஸையும் காட்டுவேன். வக்கீல், கைதி, ஆஜர், ஜப்தி, வசூல், பாக்கி, அசல், நகல், ரத்து, மகஜர். இந்தச் சொற்கள் இல்லாமல் ஒரு தமிழ்க் குமாஸ்தா ஒரு நாள் வேலை பார்க்க முடியாது. அத்தனையும் அரபு வேர். ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை வளைகுடாவிலிருந்து பாண்டி நாடு உள்ளிட்ட இந்தியக் கரைகளுக்கு வந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். சிக்கமகளூரு மலையில் பாபாபுதன் ஏமனிலிருந்து கொண்டுவந்த ஏழு கொட்டையிலிருந்துதான் நம் காப்பி வந்தது என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. கூட்டம் முடிந்ததும் நாம் குடிக்கப் போவது அந்தக் காப்பியைத்தான். குதிரையும் காப்பியும் சொல்லும் வந்த கடல்வழியிலேயே 1914இல் நாம் ஈட்டியோடு போனோம். எழுநூறு ஆண்டு வியாபாரத்தை நாலாண்டுப் போர் மறக்கடித்துவிட்டது என்றால், அதை மறுபடி நினைவூட்டுவது நம் கடமை.

ஒரு தடவை நாம் சரியாக நடந்துகொண்டோம். அதையும் சொல்ல வேண்டும். 2003இல் ஈராக்கைப் பிடித்த அமெரிக்கா, ஒரு டிவிஷன் படை, கிட்டத்தட்ட 17,000 பேர், அனுப்பும்படி இந்தியாவைக் கேட்டது. அனுப்பலாம் என்று வாதிட்டவர்கள் டெல்லியில் இருந்தார்கள். அதற்கு முன்பே ஏப்ரல் 8ஆம் தேதி மக்களவை அந்தப் போரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டிருந்தது. ஜூலை 14ஆம் தேதி வாஜ்பாய் அரசு "அனுப்ப மாட்டோம்" என்று முடிவெடுத்தது. தம்பிகள் இந்த முறை டைகிரிஸுக்குப் போகவில்லை. 1917இல் நமக்கு மறுக்க உரிமை இல்லை. 2003இல் இருந்தது, மறுத்தோம். சுதந்திரம் எதற்கு என்று என் மாணவர்கள் கேட்டால் இந்த இரண்டு ஆண்டுகளைச் சொல்வேன்.

மைசூர் லான்சர்ஸ் கடைசியாகப் பாய்ந்தது ஹைஃபாவில் அல்ல. 1918 அக்டோபர் 26இல் அலெப்போவுக்கு வடமேற்கே ஹரித்தான் என்ற ஊரில், துருக்கித் தளபதி முஸ்தஃபா கமாலின் பின்வாங்கும் படைமேல் ஜோத்பூர்க்காரர்களோடு சேர்ந்து பாய்ந்தார்கள். அன்று அங்கே பலர் இறந்தார்கள். நான்கு நாளில் துருக்கியோடு போர்நிறுத்தம் கையெழுத்தானது. அதே ஹரித்தான் சிரிய உள்நாட்டுப் போரில் ஆண்டுக்கணக்காகப் போர்முனையாக இருந்தது. 2012இல் அலெப்போவின் பழைய கடைவீதி எரிந்தது. 2013 ஏப்ரலில் அங்கிருந்த உமையா பள்ளிவாசலின் பதினோராம் நூற்றாண்டு மினாரா சரிந்தது. அந்தச் செய்தி வந்தபோது மைசூரில் யாரும் "நம் ஆட்கள் அங்கே புதைந்திருக்கிறார்கள்" என்று சொல்லவில்லை. தெரியாது என்பதுதான் காரணம்.

எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைமேல் சிறிது நேரம் குண்டு வீசியது. அது ஒரு சொல்லாகவே தமிழில் தங்கிவிட்டது. ஐந்து லட்சம் பேர் போன மெசபடோமியா நம் நினைவில் தங்கவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று எண்ணிக்கை மட்டும் பொறித்த கல்வெட்டுகள் இருக்கின்றன. பெயர் இல்லை, எண் மட்டும். உலகெங்கும் இந்தியர், ஆப்பிரிக்கர் உட்பட 45,000 முதல் 54,000 பேருக்கு வெள்ளை வீரர்களுக்குச் சமமான நினைவுச்சின்னம் தரப்படவில்லை என்று காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் அறிக்கையே 2021இல் ஒப்புக்கொண்டது. ஆணையம் மன்னிப்பும் கேட்டது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பலருக்கு வேலூர், திருப்பத்தூர், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பூர்வீகம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய பென்ஷன் காகிதமோ, மங்கிய பதக்கமோ, "பஸ்ரா" என்று முத்திரை விழுந்த கடிதமோ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். போட்டோ எடுங்கள். அவர் பெயர், ஊர், யாருக்கு அப்பா, யாருக்குத் தாத்தா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அங்கே அவர் என்ன பார்த்தார், யாரோடு பழகினார், எதைச் சொல்லாமலே செத்தார் என்பதையும் கேளுங்கள். எழுதியதை என்னிடம் கொண்டுவாருங்கள். கன்னட நண்பர்களிடமும் இதையே கேட்டிருக்கிறேன். இரண்டு மொழியிலும் சேர்த்து அச்சிடுவோம்.